மூடாமல் விட்ட ஒரு தகடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டில் இருந்தபோது பள்ளித் தலைமை ஆசிரியர் போன் செய்தார். "ஜமீலா டீச்சர் போயிட்டாங்கப்பா. காய்ச்சல்னு சொந்த ஊரு பழவேற்காட்டுக்குப் போனவங்க…" பிறகு, "கூரையில அந்த ஒரு தகட்டையும் மூடிடு தம்பி. பாதியில விட்ட வேலை. அவங்க நினைவா நாம முடிச்சிடலாம்" என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் குழப்பம் பிடித்தது. அது பாதியில் விட்ட வேலைதானா?

இதைப் படிப்பவர்களில் டீச்சரோடு பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி சனிக்கிழமைகளில் என்னை அந்தப் பள்ளிக்கு அனுப்பியது. அறிவியல், கணக்கு, ஓவியம், பொறியியல் எல்லாவற்றையும் ஒரே பிரச்சினையில் போட்டுக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. நான் டிப்ளமா மெக்கானிக்கல். அவர் ஓவிய ஆசிரியை. பிரச்சினை தலைக்கு மேலேயே இருந்தது. தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் காதில் விழாது. "தகடு அதிருது. அடியில ரப்பர் ஷீட் ஒட்டினா தீர்ந்தது" என்று முதல் நாளே சொன்னேன். "வாயை மூடுங்க இன்ஜினியரே, பசங்க இன்னும் கேள்வியே கேக்கல" என்றார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மழையில் சத்தத்தை வரையச் சொன்னார். சத்தத்தை எப்படி வரைவது? எனக்கு எரிச்சல். ஒருவன் ஜல்லிக் குவியல் வரைந்தான். இன்னொருவன் டீச்சருக்குப் பெரிய வாய் வரைந்து, "நீங்க கத்திக்கினே இருக்கீங்க, ஒண்ணியும் கேக்கல" என்றான். ஆனால் பெரும்பாலான படங்களில் நடு பெஞ்சுக்கு மேலேதான் கோடுகள் தடிமனாக இருந்தன. ஏறிப் பார்த்தேன். அங்கே தகட்டின் போல்ட் தளர்ந்திருந்தது. தற்செயலா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு பிள்ளைகளே தகரத் துண்டுகளில் கோணி, தெர்மாகோல், ரப்பர் என்று ஒட்டி, மேலே தண்ணீர் ஊற்றிக் கேட்டார்கள். ரப்பர்தான் ஜெயித்தது. பரப்பளவைக் கணக்கிட்டு அவர்கள் வெட்டித் தர, கூரைத் தகடுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒரு தகடு மட்டும் பாக்கி இருந்தபோது செல்வி என்ற பெண் எழுந்தாள். "டீச்சர், அந்தத் தகட்டையும் மூடிட்டா மழை வர்றது எப்டித் தெரியும்? எங்கூட்ல துணி காயுது." தூசிக்குப் பயந்து அந்த அறையின் ஜன்னல்களை மூடியே வைப்பார்கள், செல்வியின் வீடு பள்ளிக்குப் பின்னால், அவள் அம்மா கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். மழைச் சத்தம் கேட்டு அவள்தான் ஓடிப்போய்த் துணி எடுக்க வேண்டும். டீச்சர் அந்தத் தகட்டை அப்படியே விட்டார்.

திருவள்ளூர் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோன கூரை மாதிரியிலும் ஒரு தகடு வெறுமையாகவே இருந்தது. "ஏம்மா முடிக்கல?" என்றார் நடுவர். "முடிச்சாச்சு சார்" என்றார் டீச்சர். பரிசு இல்லை. திரும்பும் பஸ்ஸில் நான் கத்தினேன். "ஒரு தகடுதானே! துணிக்கு, மழை பட்டா கத்துற ஒரு பஸ்ஸர் வெச்சா போதாதா?" அவர் வேர்க்கடலையை நீட்டினார். "போதுமான்னு நானும் யோசிச்சிக்கினுதான் இருக்கேன். நாஷ்டா கூடத் துன்னாம இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?"

நடுவரிடம் முடிந்தது என்றவர், என்னிடம் யோசிக்கிறேன் என்றார். எது நிஜம்? கேட்க ஆள் இல்லை.

போன சனிக்கிழமை ரப்பரும் பசையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். செல்வி குடும்பம் திருநின்றவூருக்குக் குடிபோய்விட்டது. மூடாமல் விட இனி ஒரு காரணமும் இல்லை. "மூடட்டுமா?" என்று கீழே நின்ற பிள்ளைகளிடம் சும்மாதான் கேட்டேன்.

"மூடுங்க சார், டீச்சருக்கோசரம்" என்றான் ஒருவன்.

"லூசு, சத்துணவு ஆயா வெளியதான் விறகு காயப்போடுது. மழை சத்தம் கேக்காம அது நனைஞ்சா சோறு யாரு, நீ ஆக்குவியா?" என்றாள் ஒருத்தி.

"அப்போ ஆயா ரூம்ல சத்தம் கேக்கிற மாதிரி எதுனா பண்ணலாம்டா!"

"தகரத்தைப் பிச்சி அங்க எடுத்துக்கினு போயிடலாமா?"

சண்டை வலுத்தது. ஒருவன் கரும்பலகையில் வரையவே தொடங்கிவிட்டான். எனக்கு அந்த நிமிடமே விடை தெரிந்துவிட்டது. நாக்கு நுனி வரை வந்தது. ஏணியிலேயே சும்மா நின்றேன்.

ஒட்டாத ரப்பர் ஷீட் இப்போது என் பைக் பெட்டியில் கிடக்கிறது. தலைமை ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது "வாயை மூடுங்க இன்ஜினியரே" என்ற அந்த ஒரு அதட்டல். அன்று ஏணியில் நின்றபோது அது தெளிவாகக் கேட்டது.