எல்லாரும் சத்தம் என்றார்கள்

சென்ற ஆண்டு, திருநெல்வேலிக்கு வடக்கே, தாமிரபரணித் தண்ணீர் எட்டாத ஓர் ஊரில் நடந்தது இது. வரிசையாகச் சொல்கிறேன்.

1. புதிய காற்றாலைகளை ஊர் ஏன் எதிர்க்கிறது என்று அறிய, ஆராய்ச்சி மாணவியான நான் வீடு வீடாகப் படிவத்துடன் போனேன்.
2. பெரும்பாலோர் சொன்ன காரணம், சத்தம்.
3. அதை நான் எழுதிக் கொடுக்க, ஊரிலிருந்து தள்ளி நிறுவினால் போதும் என்று காற்றாலை நிறுவனம் முடிவுக்கு வந்தது.
4. நான் எழுதிக் கொடுத்தது தப்பு.

எதிர்த்த வீடுகளுக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஏற்கெனவே சுற்றும் காற்றாலைக்கு அருகிலிருந்த தெருவில் எதிர்ப்பு குறைவு. எட்டத்தில், குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவர்களிடம்தான் அதிகம்.

படிவத்தை அறையிலேயே வைத்துவிட்டு மறுபடி போனேன். நான் முன்பு கேள்வி கேட்ட பெண்கள் கூடி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, சத்தம் நெசமாவே தொந்தரவா?"

மடியில் தட்டு வைத்திருந்த அக்கா சிரித்தார். "நீ முதல்ல சத்தமான்னு கேட்ட. ஆமான்னுட்டோம். மீதிக் காரணத்தையெல்லாம் நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள எனக்கு ஒரு கட்டு பீடி போயிருக்கும்லா."

"இல்லன்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போவியா, ஏட்டி?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அப்போ எதுக்குக்கா வேண்டாங்கிய?"

"ரோட்டுக்குத்தான்," என்றார் தட்டு வைத்திருந்த அக்கா. "போன தடவ காத்தாடி கொண்டாரதுக்கு ரோட்ட ஒசத்திப் போட்டாவ. ஓடைத் தண்ணி அங்கனயே நிக்கி. குளத்துக்கு வரல. இன்னும் காத்தாடி வந்தா இன்னும் ரோடு போடுவாவ."

அடுத்த மழைக்குப் பிறகு அந்த அக்காவுடன் ஓடை வழியே நடந்தேன். சாலையின் மேல்புறம் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்ப்புறம் ஈரமண் மட்டும். குளத்தில் வெடிப்பு தெரிந்தது. இதைச் சொல்லாவிட்டால் காற்றாலைகளைத் தள்ளி நிறுவுவார்கள், அதற்கும் சாலையை உயர்த்துவார்கள், வயல்கள் காய்ந்தே கிடக்கும்.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, என் முடிவு தவறு என்றேன். பேட்டிகளையும் வரைபடத்தையும் ஓடையில் எடுத்த படங்களையும் காட்டினேன்.

"சத்தம்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்றார் நிறுவன அதிகாரி.

"ஆமா சார். கேள்வி கேட்ட முறை தப்பு. பதில் சொன்னவங்க மேல தப்பு இல்ல."

கடைசி வரிசையிலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது. "நம்ம பிள்ள சரியாத்தான் சொல்லுது. சந்தேகம்னா வாங்க, நடந்து பாப்போம்."

எல்லாரும் நடந்து போய்ப் பார்த்தார்கள். வாங்கிய எந்த மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை.

இப்போது சாலைக்கு அடியில் குழாய் பதித்தாயிற்று. இந்த மழையில் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. புதிய காற்றாலைகளுக்கு ஊர் இன்னும் சம்மதிக்கவில்லை. என் ஆய்வேட்டில், சத்தத்தை முதல் காரணமாகக் காட்டிய அந்தத் தவறான அட்டவணையும் இருக்கிறது, எப்படித் தவறானது என்று நானே எழுதிய பக்கத்துடன்.