குழாய்க்காரர் அடைத்த டேங்க்

அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். லாரி ஹாரன் என்றால் பயம், தெருநாய் என்றால் பயம். ஆனாலும் ஆறு வருடமாக மோட்டார் சைக்கிளில் கிளினிக் கிளினிக்காகப் போய், ரத்தக் குப்பிகளை வாங்கிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கிறாள். பயந்துகொண்டேதான் சேர்க்கிறாள்.

அந்த வாரம் பெட்ரோல் டேங்கின் துரு உதிர்ந்து அடைத்து, வண்டி மூன்று முறை நடுத்தெருவில் நின்றது. "திங்கக்கிழமையும் லேட்டானா வேற ஆள் பாத்துக்கறோம்" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் அலசினாள். மீதி வேலையைக் கணவர் பிடுங்கிக்கொண்டார். அவர் குழாய் வேலை பார்ப்பவர். டேங்கைக் குளியலறையில் வைத்து, துருவைக் கரைக்கக் கழிவறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றினார். பெட்ரோல் இறங்கும் அடி ஓட்டையைத் திருகி அடைத்தார். மூடிக்கு வெள்ளை டேப் சுற்றினார். மூடியிலிருந்த மூச்சுத்துளையைக்கூட விடவில்லை, பசை வைத்துப் பூசினார்.

"என் கை பட்ட இடத்துல ஒரு சொட்டு கசியாது" என்றார்.

அரை மணியில் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"என்னங்க, உள்ள என்னமோ சீறுது."

"துரு அழுவுது. அழட்டும். பயந்தாங்கொள்ளி."

டங் என்று ஒரு ஓசை. போய்ப் பார்த்தால் டேங்கின் பக்கத் தகடு வெளியே உப்பி நின்றது. அவர் முகம் வெளுத்தது.

"காத்து போக வழியே வைக்கலையா நீங்க?"

"வா, வெளிய ஓடிடலாம். வெடிச்சா வெடிக்கட்டும்."

வெடித்தால் டேங்க் போகும், வேலையும் அதோடு போகும்.

"முதல்ல அடுப்பை அணைங்க, இந்தக் காத்து தீப்பிடிக்கும்" என்றாள்.

ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கினாள். மழைக்கோட்டும் கையுறையும் போட்டாள். ஜன்னலைத் திறந்து, ஈரத்துண்டை மூடிமேல் போர்த்தி, நெல்லளவு திருகினாள். உஸ்ஸென்று காற்று பீறிட்டது. நிறுத்தினாள். மறுபடி நெல்லளவு. பழுப்பு நுரை துண்டை நனைத்தது. தகடு டங்கென்று உள்ளே போனபோது, ஒரு எட்டு பின்னால் குதித்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முடிஞ்சுதா?"

"நீங்க கிட்டயே வராதீங்க."

மூச்சுத்துளையை ஊசியால் குத்தித் திறந்தாள். மிச்ச ஆசிட் போக, சோடா உப்புத் தண்ணீரில் டேங்கை அலசி, வெயிலில் காயவைத்தாள். அதுவரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மறுநாள் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. குப்பிகள் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. வழியெல்லாம் அவள்தான் முழங்கால் டேங்கில் படாமல் காலை அகட்டி வைத்தே ஓட்டினாள்.