சுறாவுக்கு முன் மூன்று தட்டு

மடக்கிய நடுவிரலால் மூன்று தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் குழாயின் வாயில் காதை வைக்கிறாள் நசீம் பானு. கணீரென்று வந்தால், "எடுத்துட்டுப் போங்கண்ணே." ஓசை கம்மிப்போய் வந்தால், "ரிட்டர்ன்." ஒரே சொல்தான். அந்தக் குழாய் சுவரோரக் குவியலுக்குப் போய்விடும். இருபதடிக் குழாயில் முடி அளவு விரிசல் எங்கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அவள் காதுக்குத் தெரியும். அவள் தட்டாத குழாய் அந்தக் கடையிலிருந்து வெளியே போனதில்லை.

திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கிற கடைக்கு 'ரஃபீக் ஏஜென்சீஸ்' என்று பெயர். பெயர் புருஷன் முகமது ரஃபீக்குடையது, இடுப்பொடிகிற வேலை பானுவுடையது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ரஃபீக் தேய்த்த வெள்ளைச் சட்டையில் பதினொரு மணிக்கு வருவார், மூன்று டீ குடிப்பார், நாட்டு நடப்பு பேசுவார். கன்னிவாடியில் யார் தோட்டத்து போர்வெல் எத்தனை அடி, ரெட்டியார்சத்திரத்தில் யாருடைய மோட்டார் எப்போது மூச்சு வாங்கும் என்பதெல்லாம் பானுவுக்கு மனப்பாடம். அளவு தெரியாமல் வந்து நிற்பவரை அவள் சும்மா விடுவதில்லை. "ரெண்டு இஞ்சுக்கும் ரெண்டரைக்கும் வித்தியாசம் தெரியாம என்னத்துக்குண்ணே போர் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை எடுப்பாள். இத்தனைக்குப் பிறகும் கடைக்கு வருகிற புது ஆள் அவளைப் பார்த்து முதலில் கேட்பது, "பாய் இல்லைங்களா?"

போன மாசி மாதம், விற்பனை இலக்கை எட்டிய டீலர்களைக் குழாய்க் கம்பெனி மாலத்தீவுக்கு ஜோடியாகக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் படகில் ஏற்றி, இந்த இடத்தில் சுறா உண்டு, கடிக்காது, விருப்பமுள்ளவர்கள் பயிற்சியாளரோடு இறங்கலாம் என்றார்கள். மற்ற டீலர்களின் மனைவிமார் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். பானு கேட்டது ஒன்றே ஒன்று: "தலை வரைக்கும் மூடுற டிரெஸ் இருக்கா?" இருந்தது. கணுக்காலிலிருந்து உச்சந்தலை வரை கறுப்பு, அதற்கு மேல் முகத்துக்குக் கண்ணாடி. ரஃபீக்கும் அதையே மாட்டிக்கொண்டார். படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டவர், கீழே நிழல் ஒன்று நகர்ந்ததும் காலை இழுத்துக்கொண்டார். "பானு, எனக்குக் காது அடைக்குது" என்றார். தலையே நனையவில்லை, காது எங்கே அடைத்தது? அப்புறம் அவர் படகின் மறுபக்கம் போய், காலையில் தின்ற பப்பாளியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

முதுகில் காற்று சிலிண்டரோடு பானு இறங்கினாள். முப்பதடி ஆழம். வெள்ளை மணலில் மூன்று சுறாக்கள் கிடந்தன. ஒன்று எழுந்து, அவசரமில்லாமல், அவள் முழங்காலை உரசாத குறையாகக் கடந்து போனது. ஆள் நீளம், சாம்பல் நிறம், சின்னக் கண். பயம் முதலில் வந்தது, பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே வரும்போதே, ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு வாக்கியத்தை அவள் தயார் செய்து வைத்துக்கொண்டாள்: "அம்புட்டுப் பெரிய சுறா, என்னையப் பாத்து 'பாய் இல்லைங்களா'ன்னு கேக்கல."

அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய்க்கவே இல்லை.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் நாத்தனார் சர்புன்னிசா குடும்பத்தோடு வந்தாள். பயிற்சியாளர் எடுத்துக் கொடுத்த வீடியோவை ரஃபீக் டிவியில் ஓடவிட்டார். நடுவிலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து. "மாஷா அல்லாஹ்! யாரு தம்பி இது?" என்றாள் சர்புன்னிசா. முகம் தெரியவில்லை, முடி தெரியவில்லை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே உயரம்.

"நான்தேன். வேற யாரு?" என்றார் ரஃபீக்.

டீத் தட்டோடு நின்ற பானு வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அவரே சிரித்துக்கொண்டு உடைத்துவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் உடைக்கவில்லை. அந்த ஒரு நிமிஷ மௌனத்துக்காக இன்றுவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

விருந்தாளிகள் போனதும் கேட்டாள். "ஏங்க, இறங்குனது நானு. வாய் கூசலையா உங்களுக்கு?"

"விடு பானு. பொம்பள போய் சுறாவோட நீந்துனான்னா நம்ப மாட்டாய்ங்க, சிரிப்பாய்ங்க. நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன, ஒரே வீடுதானே?"

ஒரே வீடாம்! கடையில் அவர் பெயர், கம்பெனிக் கேடயத்தில் அவர் பெயர், இப்போது கடலுக்கடியிலும் அவர் பெயர். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது முப்பதடி ஆழத்தில் அந்த இருபது நிமிஷம். அதையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால்? பதினொரு நாளில் டீக்கடைக் கதையில் சுறா மூன்றிலிருந்து ஏழானது. ஒன்றின் முதுகை ரஃபீக் தடவிக்கொடுத்தார், இன்னொன்றை முஷ்டியால் விரட்டினார். பானு குழாய்களை அடுக்குவதை விட்டுவிட்டு எறிய ஆரம்பித்தாள். வீட்டில் பருப்பு தீய்ந்தது, அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கரண்டியால் பதில் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை கடைக்கு மேலே ஃப்ளெக்ஸ் ஏறியது. கூலிங் கிளாஸ் போட்ட ரஃபீக்கின் முகம் ஒரு பக்கம். மறுபக்கம் கறுப்பு உடையில் பானு. நடுவே, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய, பல்லைக் காட்டுகிற சுறா. 'சுறாக்களோடு நீந்திய எங்கள் அண்ணன் முகமது ரஃபீக். இவண், டீக்கடை நண்பர்கள்.' தன் உடம்பைத் தன் கடை வாசலில் அடுத்தவர் பெயரில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு அவள் ஷட்டரைத் தூக்கினாள்.

பதினொரு மணிக்குக் கன்னிவாடி சோலைமலை வந்தார். முருங்கைத் தோட்டக்காரர், பதினெட்டு வருஷ வாடிக்கை. நாலு குழாய் கேட்டுவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்தார்.

"மெய்யாலுமா பாய்? பயமா இல்லையா?"

"பயமா? செத்த நேரம் இருங்க, காட்டுறேன்." ரஃபீக் போனை எடுத்தார், வழக்கம்போல முதல் அரை நிமிஷத்தைத் தள்ளிவிட்டு ஓடவிட்டார். "இந்தா, இது நானு. இது கிட்ட வருது பாருங்க..."

பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்களும் கூடிவிட்டார்கள். உள்ளே குழாய் எடுத்துக்கொண்டிருந்த பானு ஒன்றைத் தோளில் போட்டபடி வெளியே வந்தாள். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள், வீடியோவைத் தொடக்கத்துக்கு இழுத்தாள், கல்லாமேல் சோலைமலை பக்கமாகச் சாய்த்து வைத்தாள்.

திரையில் படகு. இறங்குமுன், கறுப்பு உடைக்காரர் முதுகில் மாட்டப்போகிற காற்று சிலிண்டரை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார். மடக்கிய நடுவிரலால் மூன்று தட்டு. தலையைச் சாய்த்து, மூடிய காதை அதில் வைக்கிறார். பயிற்சியாளர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

சோலைமலை திரையைப் பார்த்தார். பானுவைப் பார்த்தார். "ஏ... தாயி!" என்றார்.

"பானு, உள்ள போ" என்றார் ரஃபீக், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு பேர் நிக்கிறாக."

"நிக்கட்டும்."

தோளிலிருந்த குழாயை இறக்கி மூன்று தட்டு தட்டிக் கேட்டாள். கணீரென்றது. "எடுத்துக்கங்கண்ணே" என்று சோலைமலையிடம் நீட்டினாள். பிறகு திரும்பி, ரஃபீக்கின் வெள்ளைச் சட்டையில், நடு மார்பில், மடக்கிய விரலால் மூன்று முறை தட்டினாள். தலையைச் சாய்த்துக் காதை வைத்தாள். நிமிர்ந்தவள், சுவரோரம் கிடந்த ரிட்டர்ன் குவியலின் பக்கம் கையைக் காட்டினாள்.