நடுக்கோட்டில் ஒரு விசில்

யோகேஸ்வரனுக்குக் கோபம் வர மனிதர்கள் தேவையில்லை. விதி மீறப்பட்டால் போதும். புலம்பெயர்ந்து வந்த நார்த்மீட்டில் வீடு, ரயில்வேயில் வரைபட வேலை, சனிக்கிழமைகளில் பரமட்டா மண்டபமொன்றில் கூடைப்பந்து நடுவர். 1977 வரை மூன்று வருடம் ஊதியும் ஓர் இறுதி ஆட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்த்தி.

நடுக்கோட்டு விதி என்றால் அவருக்கு உயிர். விருந்துக்குப் போன வீடுகளில் மேசை நடுவே கரண்டியைக் கிடத்தி, எலுமிச்சம்பழத்தை உருட்டுவார்.

"முன்பக்கம் போன பந்து கோட்டுக்குப் பின்னால வந்தாலே பிழை எண்டில்லை. ஆர் திருப்பினது? நீங்களே திருப்பி நீங்களே எடுத்தாப் பிழை. எதிராளி தட்டி வந்ததெண்டா ஓடிப்போய் எடுங்கோ, ஆரும் கேக்கேலாது."

சோறு ஆறும். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

அன்று அரையிறுதி. டூங்கபித் தமிழ்ப் பொடியளின் அணி ஒரு புள்ளி முன்னால், கடைசி நிமிடம். அணித்தலைவன் சிவபாலன் எறிந்த பந்து எதிரணி வெள்ளைக்கார நெட்டையன் ஒருவனின் விரலில் பட்டு நடுக்கோட்டுக்குப் பின்னால் உருண்டது. சிவபாலனே ஓடி எடுத்தான். மண்டபம் குமுறியது. "தன் ஆட்களுக்கு எதிராக ஊதமாட்டான்!" என்று ஒரு குரல்.

விரல் பட்டதை யோகேஸ்வரன் கண்டிருந்தார். ஆனாலும் ஊதினார். பந்து கைமாறியது, எதிரணி கூடையில் போட்டது, ஆட்டம் முடிந்தது.

லீக் செயலாளர் கென் கையை நீட்டியபடி வந்தார். "சொந்த ஆட்களுக்கே எதிராக ஊதினாயே, யோகி! நேர்மை என்றால் இதுதான். இறுதி ஆட்டம் உனக்கு."

"அது பிழையான விசில். உங்கள் பையனின் விரல் பட்டது."

"பட்டால் என்ன? பார்க்கச் சரியாகத்தானே இருந்தது."

யோகேஸ்வரனுக்குக் காது சுட்டது. "பார்க்கவா? நான் பயந்து ஊதியதற்கா பாராட்டு? உங்கள் இறுதி ஆட்டத்தை நீங்களே ஊதிக்கொள்ளுங்கள்!"

நீட்டிய கையைக் கென் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். முடிவை மாற்ற முடியாது; நடுவரை மாற்றலாம் என்றார். பிழையாக ஊதியபோது கிடைத்த ஆட்டம், உண்மை சொன்னதும் போய்விட்டது.

வெளியே பொடியள் அவருடைய ஹோல்டன் காரைச் சுற்றி நின்றார்கள். வேறு ஒருவரிடமும் கார் இல்லை.

"அண்ணை, விரல் பட்டதைக் கண்டனீங்களோ?" என்றான் சிவபாலன்.

"கண்டனான்."

"பிறகேன் ஊதினனீங்கள்?"

"எங்கட ஆக்களெண்டு விட்டுட்டான் எண்டு சொல்லுவாங்கள்."

"வெள்ளையள் பிழையா ஊதினா எங்களுக்குப் பழக்கம் அண்ணை. உங்களிட்ட விதியை மட்டுந்தான் கேட்டனாங்கள்."

"ஏறடா காரில!"

"நாங்கள் நடந்து போறம்."

அரைக்காற்சட்டையோடே நடந்தார்கள். யோகேஸ்வரன் பக்கத்திலேயே காரை ஊரவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கத்திக்கொண்டு வந்தார்: "விசரன்மாரே, ஏறுங்கோடா!" பின்னால் வந்த வண்டிகள் ஹோர்ன் அடித்தன. டூங்கபி வரை ஒருவரும் ஏறவில்லை. அவரும் முந்திப் போகவில்லை.