ஜமீலாக்காவுக்காக எழுதிய ஸ்கிரிப்ட்

கீழே அயர்ன் டேபிளிலிருந்து கிளம்பும் ஆவி, மாடியில் எங்கள் ரூம் வரைக்கும் வரும். சூடான பனியன் துணி வாசனை...

நல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. சாம்பிள் பீஸ்களின் போட்டோக்களுக்குப் பெயர் மாற்றுவதுதான் எனக்கும் ஜமீலாக்காவுக்கும் வேலை. கேமரா கொடுக்கும் நம்பரை அழித்துவிட்டு ஸ்டைல் நம்பர், கலர், சைஸ் போட வேண்டும். அவர் லிஸ்ட்டைச் சத்தமாக வாசிப்பார், நான் அடிப்பேன்.

"நாப்பத்திரெண்டு, நேவி, மீடியம்... தம்பி, காலைல என்னங்க சாப்ட்டீங்க? ... நாப்பத்திரெண்டு, நேவி, லார்ஜ்."

ஒருமுறை பதில் சொல்லிக்கொண்டே கலர் இருக்க வேண்டிய இடத்தில் 'லெமன் ரைஸ்' என்று அடித்துவிட்டேன். "இது எந்த ஷேடு?" என்று சரக்கு வாங்கும் பையர் மெயிலில் கேட்டார். ரெண்டு நாள் சிரித்தோம்.

நான் மடத்துக்குளத்திலிருந்து வந்து தனியாக ரூம் எடுத்திருந்தவன். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஜமீலாக்காவை விட்டால் ஆளில்லை.

வேலை முடிய ஆறரை ஆகிவிடும். அவருடைய அஞ்சரை மணி சாமளாபுரம் பஸ் தினமும் போய்விடும். வீட்டில் மகள் தனியாக இருப்பாள். எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பெயர்களைத் தானே மாற்றும் ஒரு குட்டி புரோகிராம், ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கம்ப்யூட்டரின் ரைட் கிளிக் மெனுவில் சேர்த்தேன். போட்டோக்களை மொத்தமாக செலக்ட் பண்ணி, ரைட் கிளிக் பண்ணி, ஸ்கிரிப்ட்டைத் தட்டினால் போதும். லிஸ்ட்டில் இருக்கிற வரிசைப்படி எல்லாவற்றுக்கும் பெயர் மாறிவிடும்.

முந்நூறு போட்டோ, அரை நிமிடம்.

"அட சாமி! இத மொதல்லயே பண்ணியிருக்கலாமில்லீங்க தம்பி!"

அந்த வாரம் முழுக்க அவருக்கு அஞ்சரை பஸ் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் வந்து பார்த்தார். "இதுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு?"

அன்றைக்கே ஜமீலாக்காவை வேறு யூனிட்டுக்கு, செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நின்றபடியே ஒவ்வொரு பீஸிலும் குறை பார்க்கும் வேலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. "நல்லதுக்குத்தானுங்க பண்ணுனீங்க... நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருஷமாகிறது. ஸ்கிரிப்ட் ஒரு எழுத்துகூடத் தப்பாமல் ஓடுகிறது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மதியம் போதாது. இப்போது ஒரே கிளிக்கில் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் மதியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.