கணக்குப் பரீட்சைக்குப் போன காலை

நான் பணி ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் நடந்த பாராட்டு விழாவில் பேசியவர்களில் பாதிப் பேர் என்னை 'அடக்கமானவர்' என்றார்கள். மாலையும் சால்வையுமாக மேடையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. எங்கள் உறவுக்காரர் யாராவது கூட்டத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்று மறுத்திருப்பார். இலுப்பூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் இன்றைக்கும் என் பெயர் அடங்காப்பிடாரிதான். தலைமையாசிரியை ஆனதெல்லாம் அந்தப் பெயரை மாற்றவில்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையின்போது கிடைத்த பெயர் அது. பாடுபட்டுச் சம்பாதித்தது என்பதால் எனக்கும் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

தமிழ்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வயதுக்கு வந்தேன். அடுத்த பரீட்சை திங்கட்கிழமை. கணக்கு. எனக்குச் சுத்தமாக வராத பாடம்.

சனிக்கிழமை விடிந்ததும் மாமா வந்து வீட்டு முற்றத்தில் பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்டினார். அவர் என்னைப் பெற்ற ஆத்தாவின் தம்பி. நான் பிறந்த அன்றே அவருக்குத்தான் நான் என்று பேசி வைத்திருந்தார்கள். அதனால் அந்தக் குடிசையை அவர் ஒரு பங்களா கட்டுகிற நினைப்பில் கட்டினார். உள்ளே என்னை உட்கார வைத்து, வாசலில் ஓர் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். சடங்கு முடிகிற வரைக்கும் அந்த உலக்கையை நான் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் போகக் கூடாது. என்னைத் தொட்டவர்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. எனக்குச் சோறு போடவும், தண்ணீர் ஊற்றவும், துணி அலசவும் ஆத்தா ஒருத்திதான் வந்தாள்.

"திங்கக்கெழமை கணக்குப் பரீட்சை" என்று ஆத்தாவிடம் சொன்னேன்.

"அய்யாகிட்டச் சொல்றேன்" என்றாள். சொன்னாள். அய்யாவின் பதில் எனக்குக் குடிசைக்குள்ளேயே கேட்டது.

"தீட்டோட பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா? சரசுவதி இருக்குற எடம் அது. ஒனக்குப் புத்தி இருக்கா?"

ஆத்தா பதில் பேசவில்லை. அவள் எப்போதுமே பதில் பேசமாட்டாள். எனக்கு அவள்மேல் இருந்த தீராத கோபம் அதுதான்.

எங்கள் வீட்டில் யாரும் படிக்காதே என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. அவள் ஏழாம் வகுப்பில் இதே முற்றத்தில் இதேபோல ஒரு குடிசையில் உட்கார்ந்தாள். பரீட்சை போயிற்று. 'பெயிலாப் போனவ திரும்பவும் எதுக்கு அங்க போகணும்' என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. நான் குடிசைக்குள் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில் அக்கா இடுப்பில் ஒரு பிள்ளையோடு புருஷன் வீட்டில் இருந்தாள். என்னைவிட அவள் கணக்கில் கெட்டிக்காரி.

திங்கட்கிழமை காலையில் குடிசைக்குள் உட்கார்ந்து யோசித்தேன். அழுது பார்த்தாயிற்று. சாப்பிடாமல் இருந்து பார்த்தாயிற்று. இரண்டுமே அவர்களுக்குப் பழகிப்போன சங்கதிகள். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தால், தெருவில் என்னோடு படிக்கிற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. என் பையும் பள்ளிக்கூடத்து உடுப்பும் வீட்டுக்குள் இருந்தன. பேனா மட்டும் என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை ரவிக்கைக்குள் சொருகியதை யாரும் கவனிக்கவில்லை.

எழுந்தேன். ஆத்தாவின் பழைய சேலையைக் கிழித்து எனக்குத் தாவணியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். அதை இழுத்து இடுப்பில் இறுக்கிக்கொண்டு உலக்கையைத் தாண்டி வெளியே வந்தேன்.

அய்யா சொந்தக்காரர்களுக்குச் சடங்கு சொல்லப் போவதற்காகக் குளித்துவிட்டு, சலவை வேட்டியும் திருநீறுமாகக் கிளம்பி நின்றார். அத்தை, அதாவது அய்யாவின் அக்கா, பலகாரத்துக்கு ஊறிய அரிசியை உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்திருந்தாள். மாமா புதுச்சட்டையில் இருந்தார். நான் முற்றத்துக்கு நடுவில் நின்றதைப் பார்த்ததும் மூன்று பேருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எங்கிட்டுப் போற?" என்றார் அய்யா.

"பரீட்சைக்கு."

"உள்ள போ."

நான் போகவில்லை. வாசலைப் பார்த்து நடந்தேன். அய்யா குறுக்கே வந்து நின்றார். எங்கள் ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனாலும் நிற்காமல் அவரை நோக்கியே போனேன். எங்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருக்கும். அப்போது அய்யா சட்டென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. என்னைத் தொட்டால் அவர் மறுபடியும் தலைமுழுக வேண்டும். நல்ல நேரம் போய்விடும். இரண்டு நாளாக என்னை மூலையில் உட்கார வைத்திருந்த அதே தீட்டு இப்போது அவரைத் தள்ளி நிறுத்தியது.

"அக்கா, புடிக்கா அவள" என்றார் அய்யா.

"நான் எப்புடிப் புடிக்கிறது? சாமிக்கு வைக்கிற மாவுல்ல இது" என்று அத்தை உரலைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தம்பி, நீ புடி. ஒனக்குன்னு சொன்ன புள்ளதானே."

மாமா அய்யாவைப் பார்த்தார். "மச்சான், புதுச்சட்டை" என்றார்.

"சட்டையா இப்பப் பெருசு? மறி மாப்ள."

மாமா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கட்டுத்தறியை விட்டு ஓடும் கன்றுக்குட்டியை மறிக்கிற மாதிரி வாசலில் நின்றார். "இங்கிட்டு வா புள்ள, சொன்னாக் கேளு" என்று கெஞ்சினார். நான் அவர் நெஞ்சுக்கு நேராக நடந்தேன். அவர் ஓர் அடி பின்வாங்கினார். நான் இன்னும் கிட்டே போனேன். மாமா துள்ளி ஒதுங்கியதில் கால் தடுக்கி, பக்கத்திலிருந்த தொழுவத்துச் சாணத்தில் புதுச்சட்டையோடு உட்கார்ந்தார்.

வாசலுக்கு வெளியே ஆத்தா நின்றாள். எனக்குக் குளிக்கக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தவள், நடந்ததை முழுவதும் பார்த்துவிட்டாள். நான் அவளை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவள் போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை மற்றப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்தாள். அவளைத் தாண்டித் தெருவில் இறங்கினேன்.

கண்மாய்க்கரையில் நடந்தால் இலுப்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். நான் முன்னால் நடந்தேன். சாணிச் சட்டையோடு மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு முழம் தள்ளிப் பின்னாலேயே வந்தார். "வீட்டுக்கு வா புள்ள, ஊரே சிரிக்கும்" என்று வழியெல்லாம் சொன்னார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மாமாவைப் பார்த்து, "என்னப்பா, பொண்ணு முன்னாடி போகுது, மாப்பிள்ளை பின்னாடி போறாரு" என்று கேட்டார்.

பரீட்சை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். முகமெல்லாம் மஞ்சள், சுற்றத் தெரியாமல் சுற்றிய தாவணி, கையில் பேனா மட்டும். வாசலில் நின்ற என்னைக் கணக்கு வாத்தியார் ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டு" என்றார். பிறகு வினாத்தாளை நீட்டி, "போ, உக்காரு" என்றார். என் பெஞ்சில் இருந்தவள் தன் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தாள். பெஞ்சு முழுக்க எனக்கே என்று கையை அகலமாக வைத்துக்கொண்டு எழுதினேன்.

நூற்றுக்கு நூறு வாங்கினேன் என்று சொல்ல ஆசைதான். ஏதோ தேறினேன். கணக்கு எனக்குக் கடைசிவரை வரவில்லை, வரலாற்று டீச்சராகத்தான் ஆனேன். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைக்கு மட்டும்தான் பரீட்சை எழுத உரிமை உண்டு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

மற்றப் பரீட்சைகளுக்கும் போனேன். யாரும் மறிக்கவில்லை. சடங்கும் நடந்தது. வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுகொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். அய்யா பல மாதம் என்னோடு பேசவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் பையைத் தூக்கியபோது, அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கெட்ட பேரு வந்தது வந்துருச்சு, இனி நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்று அத்தை அடுப்படியில் சொன்னாள். மாமாவும் வேறிடத்தில் பெண் பார்த்துக்கொண்டார். கெட்ட பெயரால் ஒருத்திக்கு இவ்வளவு நன்மை உண்டு என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

படித்தேன், வேலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரரையும் நானே பார்த்து முடிவு செய்தேன். அதற்கும் ஊரில் பேச்சு இருந்தது. எல்லாம் என் பிடிவாதத்தால் நடந்தது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். எந்த மேடையில் பேசினாலும், 'அன்று எனக்காக ஒருவரும் இல்லை' என்றுதான் ஆரம்பிப்பேன்.

கடற்கரைப் பக்கம் மீமிசலில் வேலை பார்த்தபோது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் திடீரென்று வராமல் போனாள். காரணத்தைக் கேட்கத் தேவையில்லை, நேராக வீட்டுக்கே போனேன். நான் அப்படிப் போய் நிற்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தகப்பனார் சவூதியில் இருந்தார். அவருடைய தாயார் கூடத்தில் உட்கார்ந்து, "போதும் டீச்சர், பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும்" என்றார். நானும் விடவில்லை, குரலை உயர்த்தித்தான் பேசினேன். அந்தப் பெண்ணின் தாய் கதவோரம் தலையில் முக்காட்டோடு வாயே திறக்காமல் நின்றாள். இவளும் ஒரு தாயா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவள் பின்னாலேயே வந்தாள்.

"மாமி முன்னாடி நான் போன்னு சொல்ல முடியாதுங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குக் காலையில நான் கெணத்தடியில துணி அலசிக்கிட்டு இருப்பேன். கொல்லைக் கதவு தொறந்துதான் கெடக்கும். அவ போனா நான் பாக்க மாட்டேன்."

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். அதன் பிறகு ஒருநாள்கூடத் தவறவில்லை.

சில மாதம் கழித்து என் மகள் வயதுக்கு வந்தாள். குடிசையும் இல்லை, சடங்கும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அத்தை வீட்டோடு போக்குவரத்தே நின்றுபோனது. ஆத்தா மட்டும் தனியாகப் பஸ் ஏறி, மீமிசலுக்குப் பக்கத்தில் மணமேல்குடியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தாள். அய்யாவிடம் கண்ணாஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பேத்திக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு இவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, சீக்கிரம் படுக்கச் சொல்லு" என்றாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடிக்குப் போகிறேன் என்று சொன்ன அந்தத் தாயின் முகம் ஏனோ கூடவே வந்து நின்றது. அன்று முற்றத்தில் இருந்தவர்களில் அய்யாவால் என்னைத் தொட முடியாது, அத்தையால் முடியாது, மாமாவால் முடியாது. இரண்டு நாளாக எனக்குத் தண்ணீர் ஊற்றி, தலை துவட்டி, துணி அலசிக்கொண்டிருந்தவள் இவள். என்னைப் பிடித்து நிறுத்த இவளுக்கு மட்டும் ஒரு தடையும் இருக்கவில்லை.

"ஆத்தா, அன்னிக்கு நீ என்னையப் புடிச்சிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் களிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இடுப்புல கொடம் இருந்துச்சுல்ல" என்றாள். சட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ஒங்கய்யாவும் கேட்டாரு. அவருக்கும் அதத்தான் சொன்னேன்" என்றாள். "நம்பல. ரெண்டு அறை விட்டாரு. பெறகு விட்டுட்டாரு."

எனக்கு அதுவரை தெரியாது. அன்று தெருமுனையில் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். குடத்தோடு அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். போய்விட்டு வா என்று சொல்லக்கூட இவளுக்கு வாய் இல்லையே என்று திட்டிக்கொண்டேதான் கண்மாய்க்கரையில் ஏறினேன்.