இடது கைக்கு வேறு வேலை

ரெய்னோ கெம்பைனனுக்கு ஒரு துப்பாக்கி விற்பதற்குள் என் உயிரில் பாதி போய்விட்டது. எனக்குப் பொறுமை கிடையாது, அதை நான் மறைப்பதும் கிடையாது. மிச்சிகனின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊர் இரும்புக் கடையில், பெயின்ட் டப்பாக்களையும் தூண்டில்களையும் தாண்டிப் போனால் துப்பாக்கி மேசை. அது என் ராஜ்யம். வருகிறவன் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். தெரியாவிட்டால் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். ரெய்னோ இந்த இரண்டு வகையிலும் சேராத ஆள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் வந்து நின்றார். மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருடைய பழைய ரைபிள் அவர் அப்பாவுடையது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய ரகம். எங்கள் ஊரில் ஆண்கள் பெண்டாட்டியை மாற்றினாலும் மாற்றுவார்கள், மான் சுடுகிற துப்பாக்கியை மாற்ற மாட்டார்கள். அதனால் அவர் கேட்டது எனக்கு அதிசயமாக இருந்தது.

"வெர்னா, சுட்டதும் தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்குமே, அந்த ரகம் காட்டும்மா."

"செமி ஆட்டோமேட்டிக்கா? உங்களுக்கா? தோள்பட்டை வலியா?"

"தோள் நல்லாத்தான் இருக்கு. இடது கைக்கு வேற வேலை இருக்கு."

அந்த வேலையின் பெயர் ஏலி, அவர் மனைவி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஏலியின் ஏலக்காய் ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள் பாதிப் பேர். இப்போது அவளுக்கு நினைவு கலைந்துகொண்டே போகிறது. அடுப்பை மறந்தாள், வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள், பெற்ற மகளின் பெயரை மறந்தாள்.

கல்யாணமான வருஷத்திலிருந்து மான் வேட்டை தொடங்கும் முதல் நாள் காலையில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் காட்டுக்குள் போவார்கள். பலகையில் அடித்த சின்ன மறைவுக் குடில் ஒன்று அவர்களுக்கு உண்டு. உள்ளே இரண்டு நாற்காலி, எதிரே ஒரு ஜன்னல். ஏலி ஒரு நாளும் சுட்டதில்லை. ஆனால் மானை முதலில் பார்ப்பது அவள் கண்தான். பேசினால் மான் ஓடிவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டே உட்காருவார்களாம். பெண் மான் என்றால் அவர் கையை ஒரு தடவை அழுத்துவாள், கொம்பு மான் என்றால் இரண்டு தடவை.

போன நவம்பரில்தான் அது நடந்தது. ரெய்னோவின் முதல் குண்டு மானின் பின்காலில் பட்டுவிட்டது. அடிபட்ட மானைத் தவிக்க விடக் கூடாது. அவர் ஏலியின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து, போல்ட்டை இழுத்து, குறி பார்த்து மறுபடி சுட்டார். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. ஊரே திரண்டு தேடியது. பொழுது சாயும் நேரத்தில் சதுப்புக்குள் ஒரு கால் சப்பாத்து இல்லாமல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தோம். தெற்கே இருக்கிற மகள் அன்றைக்கே அம்மாவை விடுதியில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரெய்னோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் தவணை வாங்கினார். இந்த நவம்பர் முடிந்ததும் ஏலியை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அவளோடு ஒரே ஒரு முதல் நாள் அவருக்கு வேண்டும், அதிலும் கையை விடாமல்.

"பைத்தியக்காரத்தனம்" என்றேன். "உடம்பு சரியில்லாதவளையும் தோட்டா போட்ட துப்பாக்கியையும் ஒரே பெட்டிக்குள்ள அடைக்கப் போறீங்களா?"

"துப்பாக்கி வாய் ஜன்னலுக்கு வெளிய இருக்கும். அவ எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் பின்னால. விசையைப் பூட்டுற சேஃப்டி என் விரலுக்கடியில. நீ யோசிச்சதையெல்லாம் நானும் யோசிச்சாச்சு."

"இந்த வருஷம் சும்மா போய் உக்காந்துட்டு வாங்களேன்."

"மான் வந்து நிக்கும். அவ கையை அழுத்துவா. நான் சும்மா உக்காந்திருந்தா, இந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு நினைக்க மாட்டாளா?"

மூன்று துப்பாக்கிகளை எடுத்து வரிசையாக மேசையில் வைத்தேன்.

அன்றிலிருந்து தொடங்கியது தொல்லை. மற்றவர்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். இவர் மணல் மூட்டை கேட்டார். குடில் ஜன்னலில் வைக்கப்போவது போல மேசையில் மூட்டையைப் போட்டு, அதன் மேல் துப்பாக்கியின் முன்பக்கத்தைச் சாய்த்து, இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையால் மட்டும் எல்லாம் செய்து பார்த்தார். சேஃப்டி பொத்தானை அதே விரலால் தள்ள முடிகிறதா? தோட்டாப் பெட்டியை ஒற்றைக் கையால் உள்ளே தள்ளினால் கவ்விக்கொள்கிறதா? விசையை இழுக்கும்போது துப்பாக்கி மூட்டையிலிருந்து நழுவுகிறதா? கடையில் கூட்டம் நெரியும்போது அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தள்ளிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் துப்பாக்கி இறகு மாதிரி லேசு. ஏலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தோளில் மாட்டி நடக்க அதுதான் வசதி. ஆனால் லேசான துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும், ஒற்றைக் கைக்கு அடங்காது. இரண்டாவது கறுப்பாக, பட்டாளத்துக்காரன் துப்பாக்கி போல இருந்தது. உதைப்பு குறைவு, இலக்குப் பலகையில் பிரமாதமாக அடிக்கும், அவருக்கும் பிடித்துப்போனது. மூன்றாவது வால்நட் கட்டை போட்ட பழைய மாதிரி, நல்ல கனம். எங்கள் மாநிலத்தில் இந்த ரகத்தோடு வேட்டைக்குப் போனால் ஆறு தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைச் சொன்னபோது, "எனக்கு ரெண்டு போதும்மா" என்றார்.

துப்பாக்கியை வாங்குமுன் சுட்டுப் பார்க்கிற ஊர்ச் சுடுகளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்பார்வையும் நான்தான். அங்கே எங்கள் வேட்டைக்காரர் சங்கத்து வாய்க்கொழுப்பு ட்வெய்ன் இருப்பான். எல்லோரையும் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ரெய்னோ கறுப்புத் துப்பாக்கியை மூட்டையில் சாய்த்து, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, இடது கையை அதன் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு சுட்டார்.

"யோவ் ரெய்னோ, என்னய்யா கையேந்திட்டு உக்காந்திருக்கே? சில்லறை போடணுமா?" என்றான் ட்வெய்ன். "உங்கப்பா துப்பாக்கியில ஒரே குண்டு, ஒரே மான். இப்ப மிஷின் கேக்குதா? வயசானா குறி தப்பத்தான் செய்யும், ஒத்துக்கோயேன்."

ரெய்னோ திரும்பக்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ட்வெய்ன், போன வருஷம் நீ மான்னு நினைச்சு யாரோட தபால் பெட்டியைச் சுட்டேன்னு இங்க எல்லாருக்கும் சொல்லவா?"

ரெய்னோ அடுத்தடுத்துச் சுட்டார். எல்லாம் பலகையின் நடுவில் ஒரு கைப்பிடி இடத்துக்குள் விழுந்தன. எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டார் என்று. அப்போதுதான் காலித் தோட்டா ஒன்று வெளியே விழாமல் குறுக்கே சிக்கி, துப்பாக்கி நின்றுபோனது.

"அது தோட்டாவோட கோளாறு" என்றேன். "மலிவு ரகம். மாத்திப் போட்டா சரியாயிடும்."

"சிக்கினா எடுக்க ரெண்டு கை வேணும், வெர்னா."

"எப்பவோ ஒரு தடவைதான் சிக்கும்."

"எனக்கு அந்த ஒரு தடவைதான் இருக்கு" என்று சொல்லிக் கறுப்புத் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கடைசியில் கனமானதையே எடுத்தார். செப்டம்பர், அக்டோபர் முழுக்க வாராவாரம் வந்து விதவிதமான தோட்டாக்களைப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். எந்தத் தோட்டாவுக்கும் அது சிக்கவில்லை. சுட்டு முடித்துக் கிளம்பும்போது அந்தக் காலி நாற்காலியை அவரே மடித்து ஓரமாக வைப்பார். எனக்கும் வீட்டில் ஒரு நாற்காலி காலிதான். அதில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் லாரி ஏறிப் போனவன், திரும்பவில்லை. அதனாலோ என்னவோ, அவர் நாற்காலியை மடிக்கிற நேரத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அந்த மனுஷனைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும், அவருக்கு அது பிடிக்காது.

நவம்பர் பதினைந்து வந்தது. முதல் நாள் சுட்ட மான்களை ஊர் நடுவே நட்ட மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பள்ளிக்கூடமே லீவு விட்டுவிடும். காபியும், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டியுமாக எல்லோரும் அங்கேதான் நிற்போம். நான் காலையிலிருந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ரெய்னோவின் வண்டி வந்தது. பின்னால் நல்ல கொம்பு மான். முன்னால் செம்மஞ்சள் கோட்டில் ஏலி.

இறங்கும்போதும் அவள் கை அவர் கைக்குள்தான் இருந்தது. ட்வெய்ன் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தானே முன்வந்து மானை இறக்கித் தூக்கிக் கட்டினான். அவனுக்குள்ளும் மனுஷன் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏலிக்கு நான் ஒரு பேஸ்டியைக் கொடுத்தேன். இன்னொரு கையில் வாங்கிப் பசியோடு தின்றாள்.

"என்ன ஆச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு. நான் பார்க்கவே இல்ல, வெர்னா. அவ அழுத்தினா. ரெண்டு தடவை. திரும்பிப் பார்த்தா தேவதாரு மரத்துக்கிட்ட நிக்கிறான் இந்தக் கொம்பன். முதல் குண்டு கொஞ்சம் தாழ்ந்துபோச்சு. அடுத்தது தானா ஏறிடுச்சு, உடனே சுட்டேன். அங்கேயே விழுந்துட்டான். அவ பதறவே இல்ல. கையை நான் விடவே இல்லம்மா."

"ரெண்டு தடவை அழுத்தினாங்களா?"

"ரெண்டு தடவை. அவ மறக்கல பாரு."

அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. இந்த ஒரு துப்பாக்கிக்காக நான் பட்ட எரிச்சல் எல்லாம் தகும் என்று தோன்றியது.

ஏலி பேஸ்டியைத் தின்று முடித்து, தொங்குகிற மானை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற குரலில் பேசினாள். ரகசியம் என்று நினைத்தாளே தவிர, ரெய்னோவுக்கும் நன்றாகவே கேட்டது.

"இந்த மனுஷர் யாருன்னு தெரியலம்மா. ஆனா நல்லா சுடுறாரு. ரொம்பத் தன்மையான ஆளு. காலையிலேருந்து நான் விழுந்துடாம கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்காரு."

ரெய்னோவைப் பார்த்தேன். அவர் மானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள் ஏலி. "முதல் நாள் எப்பவும் அவரோடதான் போவேன். வேற ஆளோட போனேன்னு தெரிஞ்சா வெளிய சொல்ல மாட்டாரு, மனசுக்குள்ளயே வெச்சு வெச்சுக் கஷ்டப்படுவாரு. எனக்கு அவரைத் தெரியும்."

"சொல்ல மாட்டேன், ஏலி" என்றேன்.

"இங்கதான் வருவாரு. மானைக் கட்ட இங்கதானே எல்லாரும் வரணும்?" கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு ரெய்னோவின் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றிங்க. இப்ப கையை விட்டுடுங்க. அவர் வர்ற நேரமாச்சு."

ரெய்னோ விட்டுவிட்டார். அவள் தடுமாறினால் பிடிக்கிற தூரத்தில் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார், மறுபடி பைக்குள் விட்டார். ஏலி சாலையைப் பார்த்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள்.